காம்பராவும் பங்களாவும்: மலைநாட்டுக் கட்டடங்களை வாசித்தல்

நுவரெலியாத் தபாலகத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. சிவப்புச் செங்கல் சுவர், செங்குத்தான கூரை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று இங்கிலாந்தின் சிறுநகரம் ஒன்றிலிருந்து தூக்கிவந்து வைத்ததுபோல 1894 முதல் அது நிற்கிறது. 2023 இல் அதனைச் சுற்றுலா விடுதித் திட்டமொன்றுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு பழைய கட்டடத்துக்காக நாடளாவிய வேலைநிறுத்தம் நடப்பது இலங்கையில் அடிக்கடி காணும் விடயமல்ல. மக்கள் கட்டடங்கள்மீது பற்று வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆனால் எந்தக் கட்டடங்கள்மீது? மலைநாட்டில் "பாரம்பரியக் கட்டடம்" என்று சொன்னால் நம் மனதில் வருவது தபாலகம், கிராண்ட் ஹோட்டல், ஹில் கிளப், துரை பங்களா. லயம் வருவதில்லை. கடைத்தெரு வருவதில்லை. கடைத்தெருவின் ஓரத்துப் பள்ளிவாசலும் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த விடுபடலைப் பற்றியது. அதை விளங்கிக்கொள்வதற்குக் கொஞ்சம் தூரம் போய், ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால மாளிகைகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நுவரெலியாவின் கட்டட மொழி அங்கிருந்து பல கை மாறி வந்தது.

வணிகரின் அரண்மனை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1444 இல் கோசிமோ டி மெடிச்சி என்ற வங்கி முதலாளிக்காக மிக்கலோட்சோ என்ற கட்டடக் கலைஞர் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். மெடிச்சி மாளிகை என்று இன்றும் அது நிற்கிறது. மூன்று அடுக்கு. கீழடுக்கின் கற்கள் மலையிலிருந்து பெயர்த்த மாதிரியே கரடுமுரடாகப் புடைத்து நிற்கும். நடு அடுக்கின் கற்கள் செதுக்கி ஒழுங்காக்கப்பட்டவை. மேலடுக்கு வழுவழுப்பானது. உச்சியில் பண்டைய ரோமானியர் பாணியில் அகன்ற பிதுக்கம். உள்ளே போனால் நான்கு பக்கமும் வளைவுகள் சூழ்ந்த திறந்த முற்றம்.

அடுத்த சில பத்தாண்டுகளில் அதே நகரில் இன்னும் பல எழுந்தன. அல்பர்ட்டி வடிவமைத்த ருச்செல்லாய் மாளிகையில் ஒவ்வோர் அடுக்கிலும் தட்டையான தூண்கள் சுவரோடு ஒட்டி அளவெடுத்து வைக்கப்பட்டன. 1458 இல் பித்தி மாளிகையும் 1489 இல் ஸ்ட்ரொட்சி மாளிகையும் தொடங்கப்பட்டன. இவற்றில் குடியிருந்தவர்கள் முடிசூடிய மன்னர்களல்லர். வங்கிக்காரர், கம்பளி வியாபாரி, பட்டு வியாபாரி. கீழை நாட்டுத் துறைமுகங்களோடும் முஸ்லிம் வணிகர்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கலும் அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு.

இந்த மாளிகைகளில் இரண்டு அம்சங்கள் நமக்கு முக்கியம். ஒன்று, அவை தெருவோடு ஒட்டி நின்றன. மெடிச்சி, ருச்செல்லாய், ஸ்ட்ரொட்சி மாளிகைகளின் அடிச்சுவரில் வெளிப்பக்கமாக நீளமான கல் இருக்கை உண்டு. அலுவலாக வந்தவரும் வழிப்போக்கரும் அதில் உட்காரலாம். நம்மவர் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றது உள்முற்றம். வெளியே கோட்டை மாதிரி இறுக்கம், உள்ளே வெளிச்சமும் காற்றும். காயல்பட்டினத்திலும் காலிக் கோட்டையிலும் நமது பழைய வீடுகளைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

ஆனாலும் அந்த அழகுக்குப் பின்னால் வேறொரு கணக்கும் இருந்தது. புளோரன்ஸின் கம்பளித் தொழிலில் கூலிக்கு உழைத்தவர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையோ நகர ஆட்சியில் குரலோ இருக்கவில்லை. 1378 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். "சொம்பிக் கிளர்ச்சி" என்று வரலாறு அதைச் சொல்கிறது. கிடைத்த உரிமையையும் நான்கே ஆண்டுகளில் பறிகொடுத்தார்கள். மெடிச்சி மாளிகை எழுந்தது அதற்குப் பிந்திய தலைமுறைகளில். மாளிகையைப் பார்க்கப் போகும் பயணி கம்பளித் தொழிலாளியின் வீட்டைப் பார்ப்பதில்லை. பார்க்க அது மிஞ்சவில்லை.

தோட்டத்துக்கு வந்த மாளிகை

நகரத்து மாளிகை தோட்டத்து மாளிகையானது வெனிஸ் பக்கத்து நாட்டுப்புறங்களில். அந்திரேயா பல்லாடியோ (1508–1580) அங்கே நிலவுடைமையாளர்களுக்கு வீடுகள் கட்டினார். அவை வெறும் ஓய்வில்லங்கள் அல்ல, வேளாண்மைப் பண்ணைகளின் தலைமையகங்கள். வில்லா எமோ என்ற அவருடைய கட்டடத்தைப் பாருங்கள். நடுவில் உயர்ந்த படிகளோடு முதலாளியின் வீடு. இரு பக்கமும் நீண்ட தூண் வரிசைகளுக்குப் பின்னால் தானியக் களஞ்சியமும் பண்ணைக் கருவிகளும். வீடும் களஞ்சியமும் ஒரே கோட்டில், ஒரே வரைபடத்தில். விசென்சா நகருக்கு வெளியே குன்றின்மேல் அவர் அமைத்த ரொத்தொண்டாவுக்கு நான்கு திசையிலும் தூண் முகப்புகள். எங்கே நின்றாலும் கீழே நிலம் விரிந்து தெரியும்.

1570 இல் அவர் வெளியிட்ட நான்கு பாகக் கட்டடக்கலை நூல் ஐரோப்பா எங்கும் பரவியது. இங்கிலாந்துக்கு மறுமலர்ச்சி பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் ஹாம்டன் கோட் அரண்மனையின் செங்கல் சுவர்களில் இத்தாலியச் சுடுமண் சிற்பங்கள் பதிக்கப்பட்டன. ஆனால் கட்டடத்தின் உடம்பு ஆங்கிலேயருடையதாகவே இருந்தது: உயரமான புகைபோக்கிகள், கற்சட்டங்களால் பிரித்த அகன்ற ஜன்னல்கள், வெளியே தெரியும் மரச்சட்டங்களுக்கிடையே வெள்ளைச் சுவர். இதுதான் டியூடர் பாணி. அதற்குப் பிந்திய முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலப் பாணி ஜாக்கோபியன். 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தமது "பொற்காலம்" என்று ஏங்கியது இந்தக் காலத்தைத்தான். கடல் கடந்து போன இடமெல்லாம் அதைக் கட்டிப் பார்த்தார்கள்.

இலங்கைக்கு இரண்டு கிளைகளும் வந்தன. இத்தாலியப் பாணி கொழும்பில் இறங்கியது. 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை அதற்கு நல்ல உதாரணம். வரைந்தவர் பொது வேலைத் திணைக்களத்தின் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டியவர் நமது அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். ஆளுநர் வில்லியம் கிரெகரி அவரிடம் "என்ன கைம்மாறு வேணும்?" என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கும்படி கேட்டார் என்பது நம் சமூகத்தில் தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. அந்த வளைவுகளையும் தூண்களையும் நிறுத்திய கைகளுக்கு ஒரு பெயர் மிஞ்சியது. மலைநாட்டில் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

பனிக்குள் ஓர் இங்கிலாந்து

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1819 இல் மருத்துவர் ஜோன் டேவி அங்கே போனார். 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கென ஒரு மாளிகை கட்டினார். பார்ன்ஸ் ஹோல் என்ற அந்த வீடுதான் பின்னால் 1891 இல் கிராண்ட் ஹோட்டலாக மாறியது. 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றையே அமைக்க முனைந்தார். ஆட்கள், மாடுகள், கலப்பை, வண்டி எல்லாம் றம்பொடைக் கணவாய் வழியாக மேலே ஏறின. 1852 இல் திரித்துவ தேவாலயம், 1876 இல் ஹில் கிளப், அதற்குப் பிறகு கோல்ஃப் மைதானம், விக்டோரியா பூங்கா என்று நகரம் உருவானது.

கிராண்ட் ஹோட்டலின் முகப்பையும் ஹில் கிளப்பையும் உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். டியூடர் காலத்து அசல் வீட்டில் கருவாலி மரச் சட்டகம்தான் கட்டடத்தைத் தாங்கியது. சட்டங்களுக்கு இடையே வரிச்சு பின்னி மண் அப்பிச் சுண்ணாம்பு பூசினார்கள். நுவரெலியாவில் பாரத்தைத் தாங்குவது கல்லும் செங்கல்லும். மேலே தெரியும் மரச்சட்டம் பெரும்பாலும் அலங்காரம். ஆனால் வரிச்சும் மண்ணும் கொண்டு உண்மையாகவே கட்டப்பட்ட கட்டடங்கள் அதே மலையில் இருந்தன. கோப்பிக் காலத்து முதல் லயங்கள் அப்படித்தான் இருந்தன: வரிச்சு மண் சுவர், புல் வேய்ந்த கூரை. 16 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உண்மையான கட்டட முறை தோட்டத்துக் கூலியாளின் வீட்டில் இருந்தது. துரையின் விடுதியில் இருந்தது அதன் சாயல் மாத்திரம்.

இந்தப் பாணியின் உச்சம் சற்றுத் தள்ளி, ஊவா விளிம்பில் ஹப்புத்தளையில் நிற்கிறது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அடிஷாம் மாளிகை. தாம் வளர்ந்த கென்ட் கிராமத்தின் பெயரையே வைத்தார். செதுக்கிய கருங்கல் சுவர், குறுகிய உயர ஜன்னல்கள், நெடிய புகைபோக்கிகள், பர்மாத் தேக்கு. மெடிச்சி மாளிகைக்கும் இதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு இடைவெளி. ஆனால் சொல்லும் செய்தி ஒன்றே: இந்தக் குடும்பம் இங்கே நிலைக்கும். நிலைத்ததா? 1948 இல் ஆட்சி போனது. 1960களில் மாளிகை பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாயிற்று.

ஒவ்வோர் உயரமான இடத்திலும் வீணாகச் சின்னம் எழுப்பி, என்றென்றும் வாழப்போகிறோம் என்ற நினைப்பில் மாளிகை கட்டிய ஆது கூட்டத்தை ஹூத் நபி (அலை) கண்டித்த வரலாறு அஷ்ஷுஅரா அத்தியாயத்தில் வருகிறது. மலைநாட்டில் நடந்து திரியும்போது அந்தக் கண்டனம் அடிக்கடி நினைவுக்கு வரும்.

மேடும் பள்ளமும்

நகரத்தை விட்டுத் தோட்டத்துக்குள் போவோம். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலான தோட்டங்களில் ஒரே வரைபடம்தான். மேட்டில் பெரிய துரையின் பங்களா. அதற்குக் கீழே சின்னத்துரை பங்களா. பாதை சந்திக்கும் இடத்தில் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. பக்கத்தில் கணக்கப்பிள்ளை, கண்டக்கையா வீடுகள். ஓடையை ஒட்டிய பள்ளத்திலோ வேறெதற்கும் உதவாத சரிவிலோ லயங்கள்.

பல்லாடியோவின் வில்லாவோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். அவர் முதலாளி வீட்டையும் களஞ்சியத்தையும் ஒரே கூரைக்கோட்டில் இணைத்தார். மலையில் துரை வீடு ஸ்டோரின் இரைச்சலிலிருந்தும் லயத்தின் புகையிலிருந்தும் விலகி நின்றது. பார்வை மட்டும் விலகவில்லை. பங்களாப் புல்தரையில் நின்றால் கீழே ஸ்டோர் தெரியும், பிரட்டுக்களம் தெரியும், மலையில் கொழுந்து எடுக்கும் நிரை தெரியும். ரொத்தொண்டாவின் நான்கு முகப்புகள் செய்த வேலையை இங்கே மலையின் உயரமே செய்தது. தோட்டத்தில் "மேல போறேன்" என்றாலே பங்களாவுக்குப் போகிறேன் என்று விளங்கிக்கொள்வார்கள்.

பங்களாவின் உள்ளமைப்புக்கும் இலக்கணம் உண்டு. முன்னால் வெளிநோக்கிப் புடைத்த கண்ணாடி ஜன்னல், அகன்ற விறாந்தை, ஒவ்வோர் அறையிலும் கணப்படுப்பு, அதற்குத்தக்க புகைபோக்கிகள், நெளிதகரக் கூரை. பின்னால் குசினி, அதையடுத்து அப்புமார் அறைகள். முன்வாசலும் பின்வாசலும் இரண்டு உலகங்கள். புளோரன்ஸ் மாளிகையின் கல் இருக்கைக்கு ஒத்த எதுவும் இங்கே இல்லை. முறைப்பாடு சொல்ல வந்த தொழிலாளி நின்றுகொண்டுதான் பேச வேண்டும். ஹில் கிளப்பில் 1960கள் வரை இலங்கையருக்கே அங்கத்துவம் இருக்கவில்லை என்றால், தோட்டத்துப் பங்களாவின் முன்வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி லயம். நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும், சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டி இரு பக்கமும். ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. முன்னால் ஒடுங்கிய ஸ்தோப்பு. அதிலேயே பாதியை மறித்து அடுப்பு. முதுகொட்டிய லயத்தில் பின்பக்கக் காற்றுக்கு வழியே கிடையாது. தண்ணீர் பீலிக்கரையில். பிள்ளைகளைப் பகலில் விடுவது பிள்ளைக்காம்பராவில்.

இந்தக் "காம்பரா" என்ற சொல்லை நாம் கவனிப்பதில்லை. இத்தாலிய மொழியில் அறையின் பெயர் காமெரா. மெடிச்சி மாளிகையின் ஓவியங்கள் நிறைந்த படுக்கையறைகளும் காமெராக்கள்தான். அதே இலத்தீன் வேரிலிருந்து பிறந்த போர்த்துக்கேயச் சொல் காமரா. அது கப்பலேறி இலங்கைக்கு வந்தது. சிங்களத்தில் காமரய, தமிழில் காம்பரா. நம்முடைய குசினியும் ஜன்னலும் அலமாரியும் போர்த்துக்கேயர் தந்தவை. ஸ்தோப்பு ஒல்லாந்தர் தந்தது. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவின் சொற்களைச் சுமந்தபடி, அந்தக் காலத்து மாளிகையின் எந்த வசதியும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் லயத்து மக்கள்.

புளோரன்ஸ் கம்பளித் தொழிலாளிக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களின் குரலைப் பறித்தன. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. வாக்கு இல்லாதவனின் வீட்டைத் திருத்த யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 இல் முகாமைத்துவம் மீண்டும் தனியாரிடம் போனது. இந்த மாற்றங்களுக்கிடையிலும் ஏராளமான லயங்கள் அப்படியே இருந்தன. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டங்கள் வந்தபோது அது பெரிய மாற்றமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். ஏழு பேர்ச் என்பது சுமார் 1,906 சதுர அடி நிலம். 120 சதுர அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வளர்ந்தவர்களுக்கு அது முற்றம் உள்ள வீடு.

நான்காவது கட்டடம்

"சரி, இதெல்லாம் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில உள்ள கதை. நமக்கு இதில என்ன?" என்று கேட்கலாம். பங்களா, ஸ்டோர், லயம் என்ற மூன்றோடு மலைநாட்டின் வரைபடம் முடிவதில்லை. நான்காவதாகக் கடைத்தெரு இருக்கிறது. அதில்தான் நாம் வருகிறோம்.

கண்டி இராச்சியத்தில் பொதி மாட்டுத் தவளங்களை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அரச போக்குவரத்துப் பிரிவான மடிகேயில் அவர்கள் சேவை செய்தார்கள். உப்பும் கருவாடும் மேலே போகும், பாக்கும் மிளகும் கீழே வரும். அதற்கும் முன்னால், 1344 இல், இப்னு பதூதா பாவா ஆதம் மலையில் ஏறியபோதே யாத்திரிகர் பாதை பழகிய பாதையாக இருந்தது. கம்பளை கஹட்டப்பிட்டிய ஸியாரம் மலைநாட்டில் நம் இருப்பின் பழமைக்கு இன்னொரு சாட்சி. ஆகவே தேயிலையோடு வந்து குடியேறியவர்கள் மட்டுமே மலையக முஸ்லிம்கள் என்று நினைப்பது பிழை.

தோட்டங்கள் பெருகியபோது இந்தப் பழைய வணிகம் புது உருவம் எடுத்தது. புகையிரதம் 1874 இல் நாவலப்பிட்டிக்கும், 1884 இல் ஹட்டனுக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. நிலையத்தை ஒட்டிக் கடைத்தெரு முளைத்தது. கண்டிப் பிரதேச முஸ்லிம்களோடு காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் வியாபாரிகளும் மலாய்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தார்கள். அரிசி, துணி, கம்பளி, மண்ணெண்ணெய், பாத்திரம் எல்லாம் அந்தக் கடைகளில்தான். தோட்டத்து ஆட்கள் "நானா கடை", "பாய் கடை" என்று சொல்லிப் பழகியவை அவை. கொப்பியில் பற்று எழுதி, சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்பார்கள்.

அந்தக் கடைகளின் கட்டட அமைப்பும் கவனிக்கத் தக்கது. தெருவோடு ஒட்டிய ஒடுங்கிய முகப்பு. இலக்கமிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகத் தவாளிப்பில் செருகி மூடும் கதவு. கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. மேல்மாடியில் மரப் பலகணி. பின்னால் சிறு முற்றம், கிணறு, சரக்கறை. யோசித்துப் பார்த்தால், மறுமலர்ச்சி வணிகரின் மாளிகைக்கு மலைநாட்டில் நெருங்கிய உறவு துரை பங்களாவோடு அல்ல, இந்தக் கடைவீட்டோடுதான். தெருவை நோக்கிய முகம், கீழே கொடுக்கல் வாங்கல், மேலே குடும்பம், நடுவே முற்றம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் அடிப்படை ஒன்று: இது மனிதர் வந்து போகும் வீடு.

தெருவோடு ஒட்டி நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. 1915 கலவரத்தின் முன்கதை கம்பளையில் அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலின் முன்னால் தொடங்கியது. பெரஹர பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிப்பதா இல்லையா என்ற வழக்கு நீதிமன்றம் ஏறியது. பிறகு கண்டியில் மூண்ட தீ நாடெங்கும் பரவிக் கடைகளை எரித்தது. 1983 இல் தமிழர் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மேட்டிலிருந்த பங்களாவுக்கு இப்படியொரு ஆபத்து அரிதாகவே வந்தது. தெருவோரத்துக் கட்டடம் எரியும்போது கூடவே கொப்பியும் உறுதியும் பெயர்ப்பலகையும் எரிகின்றன. வரலாற்றுக்கு அதுதான் பெரிய நட்டம்.

எது மிஞ்சுகிறது?

தீயைப்போலத் தண்ணீரும் உயரத்தைப் பார்த்துத்தான் வருகிறது. 1969 இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் மூழ்கின. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். ஊர்க்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். மழை வந்தால் மறுபடி மறைந்துவிடும்.

அங்கிருந்து வெகுதூரமில்லாத காசல்ரீ நீர்த்தேக்கப் பகுதியில் பழைய துரைமார் பங்களாக்கள் சில நல்ல நிலையில் நிற்கின்றன. 1888 இல் கட்டிய டியன்சின் பங்களா அவற்றில் ஒன்று. 2005 முதல் அவை உயர்தர விருந்தினர் இல்லங்கள். கந்தப்பொலைக்குப் பக்கத்தில் ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1996 இல் விடுதியாக மாறியது. பழைய மரமும் இயந்திரமும் கெடாமல் பாதுகாத்திருக்கிறார்கள். அது நல்ல காரியம்தான். இடித்துத் தள்ளுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் பங்களாவும் ஸ்டோரும் மட்டும் மிஞ்சினால் நாளைய பிள்ளைகள் படிக்கப்போகும் வரலாறு எது? மலையில் துரை இருந்தான், தேயிலை இருந்தது, இடையில் யாரும் இல்லை என்றாகிவிடும். மூன்றும் நான்கும் சேர்ந்த ஒரு வரைபடத்தில் ஒன்றிரண்டை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுவது அரைகுறைச் சாட்சி. அரைகுறைச் சாட்சி சில வேளை பொய்ச் சாட்சியாகவும் ஆகிவிடும்.

இதற்கு ஒரு மாற்று முன்மாதிரி நம் கண்முன்னே உண்டு. கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றையே 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். காம்பரா காம்பராவாகவே இருக்கிறது. கூடையும் கவ்வாத்துக் கத்தியும் சம்பளச் சீட்டும் அங்கே காட்சிக்கு. அரண்மனை மட்டும்தான் நினைவுச்சின்னம் என்ற எண்ணத்தை அந்தச் சிறிய கட்டடம் அமைதியாக மறுக்கிறது.

நம் கையில் உள்ள வேலை

கடைத்தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் அப்படி யார் செய்வது? நாம்தான். பள்ளிவாசலை விசாலப்படுத்துவது தேவை. ஜமாஅத் பெருகும்போது தகரக் கூரைப் பள்ளி போதாது. ஆனால் பழையதை இடிக்கும் நாளில் ஒரு அளவுநாடாவும் ஒரு கமெராவும் கூட இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. மிஹ்ராப் எந்த வடிவில் இருந்தது, ஹவ்ழ் எத்தனை அடி, கதவு என்ன மரம், கல்வெட்டில் யார் பெயர், வருடம் ஹிஜ்ரியிலா ஆங்கிலத்திலா என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்க இரண்டு பிற்பகல் போதும்.

1956 ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின் கீழ்ப் பதிவான பள்ளிவாசல்களின் ஆவணங்களில் காணி கொடுத்தவர் யார், எந்தக் கடையின் வாடகை பள்ளிக்கு எழுதப்பட்டது என்ற விபரங்கள் இருக்கக்கூடும். நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் அவற்றைப் பிரதி எடுத்து வைக்கலாம். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டால் கடையின் பழைய பெயர்ப்பலகை எங்கே கிடக்கிறது என்று சொல்வார்கள். பரணில் கிடக்கும் பற்றுக் கொப்பியைப் பழைய கடதாசிக்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள். எந்தத் தோட்டத்து எந்த லயத்துக் குடும்பம் எத்தனை கொத்து அரிசி வாங்கியது, பெருநாளைக்கும் தீபாவளிக்கும் என்ன துணி போனது என்று அதில் இருக்கும். லயத்து மக்களின் வரலாறும் நம் வரலாறும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட ஆவணம் அது.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா என்று ஒவ்வோர் ஊரிலும் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் ஆர்வமுள்ள மாணவர் நான்கு பேரும் சேர்ந்தால் ஒரு தெருவைப் பதிவு செய்யலாம். முதலில் பழைய மஸ்கெலியாவிலிருந்து தொடங்குவது நல்லது. அந்தக் கடைத்தெருவில் நடந்தவர்கள், அந்தப் பள்ளியில் தொழுதவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் வரைந்து வைத்தால், நீருக்குள் இருக்கும் அந்தத் தெருவுக்கு ஒரு வரைபடமாவது கிடைக்கும்.